சாபிரா பார்க்காத பிள்ளை

சாபிராவுக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்தபோது அவள் பெற்ற பிள்ளை பிறந்து, மூச்சடங்கி, மண்ணுக்குள்ளும் போய்விட்டிருந்தான். அது அவளுக்குத் தெரியாது. வாய் வறண்டிருந்தது. தொண்டைக்குள் குழாய் விட்டு எடுத்த இடம் எரிந்தது. ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அடிவயிற்றின் மேல் யாரோ கனமான எதையோ வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி இருந்தது. பிள்ளைதான் என்று நினைத்து மெல்லக் கையைக் கீழே கொண்டுபோனாள். வயிறு தணிந்து கிடந்தது. அதன்மேல் பஞ்சும் பிளாஸ்திரியும்தான் இருந்தன.

"பையனா, பொண்ணா?" என்று கேட்டாள்.

கட்டிலருகே அவள் புருஷனின் அக்கா நவ்ரீன் நின்றிருந்தாள். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். புருஷன் தௌசீஃப் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவன் பேண்ட்டில் முழங்கால் பக்கம் ஈர மண் அப்பியிருந்தது.

"பையன்," என்றாள் நவ்ரீன் கடைசியில். "அல்லா குட்த்தான், அவனே எட்த்துக்கினான். நீ பொயச்சிக் கீறியே, எங்களுக்கு அது போதும். அயுவாதம்மே. அய்தா தையல் பிரிஞ்சிடும்."

சாபிரா அழவில்லை. அழுவதற்கு முதலில் விஷயம் உள்ளே போக வேண்டும். அந்த மண் எந்த மண் என்பது மட்டும் அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அவர்கள் வீடு தண்டையார்பேட்டையில், ஆட்டோ நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாத சந்தில், மாடியில். தௌசீஃப் மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டினான். நவ்ரீனுக்குப் புருஷன் இல்லை. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான், அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டு அவனோடேயே இருந்தாள். சாபிரா வண்ணாரப்பேட்டையில் ஒரு நைட்டிக் கடையில் விற்பனை வேலை பார்த்தவள். பிள்ளை தங்குவதற்கு நாலு வருஷம் ஆனதால், தங்கியது தெரிந்த மாதமே நவ்ரீன் அவளை வேலையை விடச் சொல்லிவிட்டாள்.

எட்டாம் மாதம் முடிகிற சமயம். அன்று காலையில் சந்து முனைக்குத் தண்ணீர் லாரி வந்தது. தௌசீஃப் நைட் ஷிஃப்ட் முடிந்து வரவில்லை. நவ்ரீன் கறிக்கடைக்குப் போயிருந்தாள். லாரி போய்விட்டால் அப்புறம் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஒரே ஒரு குடம் என்று நினைத்து சாபிரா இறங்கினாள். குடத்தை மாடிக்குக் கொண்டுவந்து இறக்கி வைத்ததும் வயிறு கல்லாக இறுகியது. வலி விட்டு விட்டு வரவில்லை. பிடித்தது பிடித்தபடியே இருந்தது. கால் வழியே ரத்தம் இறங்குவதைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு சாலமோன் ஓடிவந்தான். அவன் ஆட்டோவில்தான் அவளைப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடும்போது ஒரு பெண் டாக்டர் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "டைம் இல்ல, உள்ள போங்க" என்று கத்தியது ஞாபகம். மூக்கின்மேல் கவிழ்ந்த மாஸ்க்கின் ரப்பர் வாடை ஞாபகம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அவள் தூங்கியது எவ்வளவு நேரம்? காலையில் பிறந்தவன் சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் போய்விட்டான். பொழுது சாயும் மஃரிபுக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அந்த மொத்த வாழ்க்கையையும் அவள் தூங்கியே கழித்திருந்தாள்.

வார்டில் எல்லாக் கட்டிலிலும் பிள்ளை இருந்தது. மறுநாள் நர்ஸ் வந்து அவளை எழுப்பி நடக்கச் சொன்னாள். நேராக எழுந்திருக்காதே, ஒருக்களித்துப் படு, காலை முதலில் கீழே விடு, கையை ஊன்றி எழு என்று சொல்லிக்கொடுத்தாள். சாபிரா எழுந்து, குனிந்தபடியே, கட்டில் கட்டிலாகப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போனாள். பிடித்த ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு சின்னத் துணி மூட்டை அசைந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இருமல் வந்தால் உயிர் போயிற்று. சிரிப்பு வந்தால் வலிக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். சாபிராவுக்கு அந்தக் கவலை இல்லை.

பிறகு பால் கட்டியது. கொடுக்க ஆளில்லாத பால். மார்பு இரண்டும் காய்ந்த களிமண் மாதிரி இறுகி, தொட்டாலே சுட்டது. மாத்திரை கொடுத்தார்கள். நவ்ரீன் மல்லிகைப்பூ வாங்கிவந்து மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள், பால் வற்றுமென்று. கட்டும்போது சாபிராவின் உதடு துடித்தது. "வேணா," என்றாள் நவ்ரீன். "தையல்."

தையலை எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மேலே இருந்த நூல்தான் போயிற்று, உள்ளே இருக்கும் தையல் ஆற நாளாகும், குடம் தூக்கக்கூடாது, துணி அடிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். குடம் என்ற வார்த்தை அவள் நெஞ்சில் போய் நின்றுகொண்டது.

வீட்டில் பிள்ளைக்கென்று எடுத்துவைத்திருந்த ஒரு துணிகூட இல்லை. நவ்ரீன் எல்லாவற்றையும் எங்கேயோ கொண்டுபோய்விட்டிருந்தாள். யாரும் எதுவும் பேசவில்லை. நவ்ரீன் காலையில் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள், பூண்டு போட்டுக் குழம்பு வைத்தாள், தட்டைக் கையில் கொடுத்து, தின்று முடிக்கும் வரை எதிரிலேயே குந்தியிருந்தாள். தௌசீஃப் வேலைக்குப் போனான், வந்தான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பார்க்க வந்த பெண்கள், "வயசு கீது, இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்றார்கள். ஒருத்தி மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கத்தி வெக்காம வுட்டிருந்தா அதுவா நல்லபடியா பொறந்திருக்கும். இப்பல்லாம் எதுக்கெட்த்தாலும் அறுத்துட்றானுங்கோ" என்றாள். நவ்ரீன் அவளைப் படி இறங்கும் வரை முறைத்தாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். சாபிராவின் காதில் அது விழுந்துவிட்டது.

படுத்துக்கொண்டு அவள் இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தாள். குடமா, கத்தியா? குடம் என்றால் நான் கொன்றேன். கத்தி என்றால் அவர்கள் கொன்றார்கள். இதற்கு நடுவில் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதை யாரிடமும் கேட்க முடியவில்லை. அவன் எப்படி இருந்தான்? சாலமோன் பார்த்திருக்கிறான். நவ்ரீன் பார்த்திருக்கிறாள். குழி வெட்டினவன் பார்த்திருப்பான். வயிற்றில் வைத்துச் சுமந்தவள் மட்டும் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் பின்வீட்டில் ஒரு பிள்ளை பசிக்கு அழுதது. சாபிரா அரிசி களைந்துகொண்டிருந்தாள். வற்றிவிட்டதென்று நினைத்த பால் நைட்டியை நனைத்துக்கொண்டு இறங்கியது. அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதாள். வயிறு குலுங்கக் குலுங்க, தழும்பில் சுருக் சுருக்கென்று குத்தியது. அப்படியும் நிறுத்த முடியவில்லை.

அதற்கு மறுநாள் காய்ச்சலில் உடம்பு காய்ந்தது. அதற்கடுத்த நாள் தழும்பின் ஓரம் சிவந்து வீங்கி, சீழும் தண்ணீருமாகக் கசிந்தது. சாபிரா ஒரு பழைய துணியை மடித்து வைத்து மறைத்துக்கொண்டாள். அழுதேன், பிரிந்துவிட்டது. சொன்னால் அக்கா என்ன சொல்வாள்? சாயங்காலம் டீ கொடுத்த கையைத் தொட்டுப் பார்த்த தௌசீஃப், "இன்னாடி இப்டி கொதிக்கிது?" என்று எழுந்து நின்றான். நைட்டியில் இருந்த கறையையும் பார்த்துவிட்டான்.

மறுபடி சாலமோன் ஆட்டோ. மறுபடி அதே ஆஸ்பத்திரி.

கட்டுப் போடும் அறைக்குள் ஆம்பளைகளை விடவில்லை. நவ்ரீன் கூட வந்தாள். கையுறை மாட்டிக்கொண்டு வந்த டாக்டர் பெயர் ஹெப்சிபா. சின்ன வயசு, கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. புண்ணை அமுக்கிப் பார்த்து, ஒரு ஓரத்தைத் திறந்து, உள்ளே கழுவத் தொடங்கினாள். சாபிரா பல்லைக் கடித்துக்கொண்டு, "நான்தான் டாக்டர்" என்றாள். "நான் அய்துட்டேன். அதான் பிரிஞ்சிடுச்சு."

டாக்டரின் கை நின்றது. "யாரு சொன்னாங்க அப்படி?"

நவ்ரீன் தரையைப் பார்த்தாள்.

"இது கிருமி புடிச்சிருக்கும்மா. உங்களுக்கு ரத்தம் நிறைய போயிருக்கு, உடம்புல சத்து இல்ல, வெயில் வேற. சிலருக்கு இப்படி ஆகும். கழுவிக் கட்டு போட்டு மருந்து குடுத்தா ஆறிடும். அழுததால ஒண்ணும் ஆகல. அழுதா தையல் பிரியாது." பஞ்சை மாற்றிக்கொண்டு டாக்டர் தொடர்ந்தாள். "அழணும்னா அழுங்க. இருமும்போது சொல்லிக்குடுத்தாங்க இல்ல, வயித்துமேல ஒரு தலகாணிய வெச்சு ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கணும்னு? அதே மாதிரி புடிச்சுக்கிட்டு அழுங்க."

சாபிரா அவள் முகத்தையே பார்த்தாள். "டைம் இல்ல, உள்ள போங்க" என்ற குரல் இதுதான்.

"நீங்கதான் எனக்கு ஆபரேசன் பண்ணீங்களா?"

"ஆமா. நானும் பெரிய டாக்டரும்."

"கத்தி வெக்காம வுட்டிருந்தா பொயச்சிருப்பானா?"

நவ்ரீன், "ம்மே..." என்று அடக்கப் பார்த்தாள். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அதுவரை யாரும் அப்படி உட்கார்ந்து அவளிடம் எதையும் சொன்னதில்லை.

"பாப்பாவுக்கு மூச்சும் சாப்பாடும் நஞ்சுக்கொடி வழியாத்தான் போகும். அது கர்ப்பப்பை சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். பொறந்தப்பறம்தான் விலகி வரணும். உங்களுக்கு அது முன்னாடியே பாதி விலகிடுச்சு. உள்ள ரத்தம் தேங்கி வயிறு கல்லா ஆயிடுச்சு. பாப்பாவுக்கு மூச்சு நின்னுகிட்டே வந்துச்சு. நீங்க இங்க வரும்போதே அவன் நாடி ரொம்ப கொறஞ்சுபோச்சு. வலி வந்து தானா பொறக்கட்டும்னு காத்திருந்தா அவன் உள்ளயே போயிருப்பான். நீங்களும் போயிருப்பீங்க. அதனாலதான் அறுத்தோம். அவன வெளிய எடுத்ததால அவன் சாகல. எடுக்குறதுக்கு முன்னாடியே அவன் ரொம்ப கஷ்டப்பட்டுட்டான்."

"குடம் தூக்குனேன்."

"அதனாலன்னு நான் சொல்ல மாட்டேன். வந்தப்ப உங்களுக்குப் பிரஷர் ரொம்ப ஏறி இருந்துச்சு. அப்படி இருந்தா இது நடக்கலாம். ஒண்ணுமே இல்லாதவங்களுக்கும் நடக்குது. ஏன்னு எங்களுக்கே எல்லா நேரமும் தெரியறதில்ல."

சாபிரா மிகச் சின்னக் குரலில், "அய்தானா?" என்று கேட்டாள்.

"எடுத்தப்ப அழல. குழந்தை டாக்டர் மூச்சு குடுத்தாங்க. அப்பறம் ஒரு சத்தம் குடுத்தான். பூனக்குட்டி மாதிரி." டாக்டர் எழுந்தாள். "நல்லா கேட்டேன் நான்."

சில நாள் வார்டில் வைத்திருந்து ஊசி போட வேண்டும் என்றார்கள். வெளியே வந்ததும் நவ்ரீன் நடையில் இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "தப்பா சொல்டேன்மே," என்றாள். "என் மாமியாக்காரி எனக்குச் சொன்னது. ஒன்ன நான் அயுவ வுட்டிருக்கணும். வுட்டிருந்தா நானும் அய்திருப்பேனே, அதான் பயம். அவன நான்தான் குளிப்பாட்னேன், தெரிமா? இந்தக் கையாலதான்." நீட்டின கையை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். சாபிரா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம், பார்வையாளர்களை விடுகிற நேரத்தில், தௌசீஃப் வந்தான். வார்டுக்கு வெளியே, ஹார்பருக்குப் போகும் லாரிகளின் ஹாரன் விடாமல் கேட்கும் ஜன்னலோரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். சாபிரா தலையணையையும் எடுத்து வந்திருந்தாள்.

"அவன் எப்டி இருந்தான்?" என்றாள்.

தௌசீஃப் நிமிரவில்லை. "சொல்லக்கூடாதுன்னாங்க எல்லாரும். சொன்னா நீ தாங்கமாட்டன்னு."

"நீ சொல்லாததுதான் தாங்கல."

அவன் நீண்ட நேரம் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். தொடங்கியபின் நிற்கவில்லை.

"முடி நெறைய. ஈரமா நெத்தில ஒட்டிகினு இருந்துச்சு. கலரு ஒன் கலரு. காதும் ஒன்து, மேல மடிஞ்சிகினு கீது பாரு, அதே மாரி. காலு மட்டும் நீட்டு நீட்டா, எங்க அத்தா காலு. கண்ணாடிப் பொட்டில வெச்சிருந்தாங்கோ. வாயில டியூப்பு. நர்ஸம்மா, நீ அத்தாவா, வா, கைய கய்வினு வா, தொடுன்னாங்க. அந்த ஓட்டைல கைய வுட்டேன். என் வெரல வெச்சேன். புட்சிகினான், சாபி. கெட்டியா புட்சிகினான்."

"கண்ண தொறந்தானா?"

"ஒரு தபா. என்னப் பாத்தானா லைட்டப் பாத்தானா தெர்ல. காதாண்ட குனிஞ்சி, பொறந்த புள்ளைக்குச் சொல்ற பாங்கு சொன்னேன். மிஷினு கத்திகினே இருந்துச்சு, அவனுக்குக் கேட்டுச்சா இல்லியான்னு தெர்ல. அப்பால... அப்பால மடில குட்த்தாங்க. டியூப்பெல்லாம் எடுத்துட்டு. ஒன்னாண்ட எட்த்துனு வரட்டான்னு கேட்டேன். நீ கண்ணே தொறக்கல. ரத்தம் ஏத்திகினு இருந்தாங்கோ. நீயும் பூடுவியோன்னு... நான் எந்தக் கதவாண்ட நிக்கிறதுன்னே தெர்ல. சாலமோன் ஆட்டோலதான் மடில வெச்சினு போனேன். அவன் வண்டிய ஒரு பள்ளத்துலகூட வுடாம ஓட்னான்."

சாபிரா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறவளின் அவசரம் இருந்தது.

"பேரு வெச்சியா?"

"பள்ளிவாசல் ஹஜ்ரத்து கேட்டாரு. மூச்சு வந்த புள்ளைக்குப் பேரு வெக்கணும்னாரு. ஒவைஸ்னு சொன்னேன்."

அவன் தோளில் வைத்திருந்த கையை அவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். மாதக்கணக்கில் வயிற்றைத் தடவிக்கொண்டு அவள் அவனை கமால் என்று கூப்பிட்டு வந்தாள். அவள் அப்பா பெயர். பிறப்பதற்கு முன்னால் பெயர் பேசக்கூடாது என்று நவ்ரீன் சொன்னதால் ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது அவனுக்கு வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் பள்ளிவாசலில் இருப்பவருக்குத் தெரியும், ஆட்டோக்காரனுக்குத் தெரியும். இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது.

"எனக்கு அவன் கமால்," என்றாள். "நீ என்னக் கேக்கவே இல்ல."

"நீ மயக்கத்துல இருந்த சாபி."

"முயிச்சப்பறம்? அதுக்கப்பறம் எத்தினி நாளு? பேர்கூடவா சொல்லக்கூடாது?"

தௌசீஃப் அழத் தொடங்கினான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அதைப் பார்த்ததும் சாபிராவின் கோபம் இருந்த இடத்திலேயே உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் மேலே வந்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். நடையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வலிக்கத்தான் செய்தது. தௌசீஃப் தன் இரண்டு கையையும் அவள் கைமேல் வைத்துத் தலையணையை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். ஃபிளாஸ்க்கோடு வந்த நவ்ரீன் சற்றுத் தள்ளி நின்றாள். அயுவாத என்று சொல்லவில்லை.

புண் உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துகொண்டு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் நாளும் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. டாக்டர் அடுத்த பிள்ளைக்கு நாளெடுத்துக்கொள்ளச் சொன்னாள். கர்ப்பப்பைத் தையல் நன்றாக ஆற வேண்டும், அடுத்த முறை முதல் மாதத்திலிருந்தே பிரஷர் பார்க்க வேண்டும் என்றாள். சாபிரா தலையை ஆட்டினாள். அடுத்த பிள்ளையைப் பற்றி அவளால் நினைக்க முடியவில்லை. இந்தப் பிள்ளையையே அவள் இப்போதுதான் பெற ஆரம்பித்திருந்தாள்.

நிமிர்ந்து நடக்க முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் முடிந்ததும், என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று தௌசீஃபிடம் கேட்டாள். அவனை அடக்கிய கபர்ஸ்தானில் பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை. அது அவளுக்குத் தெரியும். "கேட்டு வரைக்கும்," என்றாள்.

இரும்புக் கேட்டுக்கு வெளியே அவள் நின்றாள். பின்னால் ராயபுரம் ரோட்டில் பஸ்ஸும் மீன்பாடி வண்டியும் போய்க்கொண்டிருந்தன. தௌசீஃப் உள்ளே போனான். மரங்களுக்கு நடுவே, பெரிய கபர்களைத் தாண்டி, சுவரோரம் சின்னச் சின்ன மேடுகளாக இருந்த இடத்துக்குப் போய் நின்றான். அங்கிருந்து அவளைத் திரும்பிப் பார்த்தான். எந்த மேடு என்று இவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருப்பான்போல. குனிந்து ஒரு மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான். அப்படியே வைத்துக்கொண்டு, அவள் பார்த்துவிட்டாளா என்று இன்னொரு கையை உயரத் தூக்கி ஆட்டினான்.

சாபிராவும் கையைத் தூக்கினாள். கை தூக்கியதில் தழும்பு இழுத்தது. கம்பியில் நெற்றியை வைத்து, முதல் முறையாக, "ஒவைஸ்" என்று கூப்பிட்டாள். நாக்குக்குப் பழகாத பெயர். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு, யாருக்கும் கேட்காமல், கமால் என்றும் சொன்னாள்.

தௌசீஃப் வெளியே வந்து மண் கையைத் தட்டாமல் நின்றான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ பார்க்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், நடக்கலாம் என்றாள். வழியில் ரயில்வே பாலத்தில் ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது, நின்றாள். அவனும் நின்றான். கீழே சரக்கு ரயில் ஒன்று முழுசாகக் கடந்துபோகும் வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.